மந்தையைக் காப்பது யார்? கள்ளப்போதகமும் சபைப் பிரிவினையும்

(காட்சி: மிலேத்து, எபேசு ஆகிய இரண்டு பட்டணங்களைக் காட்டும் பழைய ஆசியா நாட்டு வரைபடம்.)

எருசலேமுக்குப் போகிற அவசரத்தில் இருந்த பவுல் அப்போஸ்தலன், எபேசு பட்டணத்துக்குள் போகாமல், மிலேத்துத் துறைமுகத்தில் தங்கி, எபேசு சபையின் மூப்பர்களை அங்கே வரவழைத்துப் பேசினார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. இனித் தம்முடைய முகத்தை அவர்கள் பார்க்கப்போவதில்லை என்று அறிந்து அவர் பேசிய அந்தப் பேச்சில் இரண்டு ஆபத்துகள் தனித்தனியாகச் சொல்லப்படுகின்றன. தாம் போனபின்பு கொடிய ஓநாய்கள் மந்தைக்குள் வரும் என்பது ஒன்று. "உங்களிலும் சிலர் எழும்பி" சீஷர்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுவார்கள் என்பது மற்றொன்று. வெளியிலிருந்து வருகிறவர்களைப் பற்றி நம்முடைய சபைகளில் நிறையப் பேசுகிறோம். அந்த மூப்பர்களின் நடுவிலிருந்தே எழும்பக்கூடியவர்களைப் பற்றிய எச்சரிக்கையை மட்டும் விரைவாகக் கடந்துவிடுகிறோம். பவுலோ மந்தையைப் பற்றிச் சொல்லுவதற்கு முன்பே, "உங்களைக்குறித்தும்" எச்சரிக்கையாயிருங்கள் என்று மூப்பர்களிடம் சொல்லிவிடுகிறார். இந்த வீடியோவும் அந்த வரிசையையே பின்பற்றுகிறது.

(காட்சி: சேலம் நகரம், பின்பு ஏற்காடு மலைப்பாதையின் வளைவுகள், காப்பித் தோட்டங்கள்.)

சேலத்தில் லண்டன் மிஷன் ஊழியம் 1827-இல் தொடங்கியது. கத்தோலிக்க மறைமாவட்டம் 1930-இல் அமைந்தது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பழைய லண்டன் மிஷன் சபைகள் அதில் இணைந்தன. இன்று பெந்தெகொஸ்தே சபைகளும் பிரதரன் கூடுகைகளும் தனித்து நடக்கும் ஜெப வீடுகளும் சேர்ந்து, ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு சபைக்கும் தம்பி வேறொரு சபைக்கும் போகிற ஊராக இது இருக்கிறது. ஆகவே, யாரைக் கள்ளப்போதகர் என்று சொல்லக்கூடாது என்பதை இங்கே முதலில் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா, அந்நியபாஷை இன்றைக்கும் உண்டா, ஆராதனை முறைமைப் புத்தகத்தோடு நடக்க வேண்டுமா என்பவற்றில் கருத்து வேறுபடுகிறவர்கள் நம்முடைய சகோதரர்கள். பக்கத்துச் சபையின் ஊழியரை இந்த வேறுபாடுகளுக்காக ஓநாய் என்று பிரசங்க பீடத்திலிருந்து அழைக்கிறவர், அந்தச் சொல்லை உண்மையாகவே பயன்படுத்த வேண்டிய நாளுக்கு அதை வலுவிழக்கச் செய்துவிடுகிறார்.

அறியாமையால் தவறாகப் போதிக்கிறவரும் கள்ளப்போதகர் ஆகிவிடமாட்டார். எபேசுவில் அப்பொல்லோ வல்லமையாகப் பேசினார், ஆனால் யோவான் கொடுத்த ஸ்நானத்தை மாத்திரம் அறிந்திருந்தார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைச் சபை நடுவே நிறுத்தி வெட்கப்படுத்தாமல், தங்களோடு சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக விவரித்தார்கள். அவர் ஏற்றுக்கொண்டார், அகாயா நாட்டுக்குப் போகும்போது சகோதரர்கள் கடிதம் எழுதி அனுப்பிவைத்தார்கள். திருத்தப்படும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்பதே அவரை அறிந்துகொள்ள நமக்குக் கிடைக்கும் முதல் தெளிவான அடையாளம்.

அப்படியானால் எது கள்ளப்போதகம்? கிறிஸ்து யார், அவர் செய்தது என்ன, இரட்சிப்பு எப்படி வருகிறது என்பவற்றை மாற்றுகிற போதகம். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆரியு, குமாரன் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு என்று போதித்தார். அதற்கு மறுமொழியாகவே 325-இல் நிசேயாவில் கூடிய பேராயர்கள் விசுவாச அறிக்கையை வகுத்தார்கள். நிசேயா விசுவாசப் பிரமாணத்தை ஆராதனையில் எழுந்து நின்று சொல்லுகிற சபையார், தங்கள் கையில் இருப்பது ஓர் அளவுகோல் என்பதை அறிந்து சொன்னால், ஒரு புதிய போதகம் காதில் விழுந்த மறுநிமிடமே அது எங்கே விலகுகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

(காட்சி: மாலை நேரத்து வீட்டு ஜெபக்கூட்டம், முகங்கள் தெரியாமல், பாயும் வேதாகமங்களும் மட்டும்.)

கள்ளப்போதகர்கள் ஞாயிறு காலையில் பிரசங்க பீடத்துக்கு நேராக வருவதில்லை. நோய் நீண்ட வீட்டுக்கும், கடன் சுமந்த வீட்டுக்கும், பிள்ளைக்கு வரன் அமையாத வீட்டுக்கும் வருகிறார்கள். மலை மேலே, எஸ்டேட் லைன் வீடுகளில், ஊழியர் வாரந்தோறும் வந்துபோக முடியாத சிறு ஜெபக்குழுக்களுக்கு வருகிறார்கள். முதலில் ஆறுதலாக ஜெபிப்பார்கள். பின்பு, "கர்த்தர் உங்களைக் குறித்து எனக்கு ஒன்று காண்பித்தார்" என்பார்கள். அதற்கும் பின்பு, "இதை உங்கள் பாஸ்டர் ஐயாவிடம் சொல்ல வேண்டாம், அவருக்கு இந்த வெளிப்பாடு இல்லை" என்பார்கள். இந்த மூன்றாவது வாக்கியம் வந்த இடத்தில் நீங்கள் நின்றுவிட வேண்டும். இயேசு கிறிஸ்து பிரதான ஆசாரியனிடம், தாம் வெளியரங்கமாய்ப் பேசினதையும் அந்தரங்கத்திலே ஒன்றும் பேசவில்லை என்பதையும் சொன்னார். சபைக்குத் தெரியக்கூடாத போதகத்தை ஒரு வீட்டுக்குள் வைத்துக்கொள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை. சர்க்கரை நோய்க்கும் வலிப்புக்கும் எடுத்துவருகிற மாத்திரையை நிறுத்துவதே விசுவாசம் என்று ஒருவர் சொன்னால், அதை ஆலோசித்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. அந்தக் குடும்பத்தை அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போகவேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஆதிச்சபை வெட்கப்படாமல் பேசியது. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதாகக் கருதப்படும் திதாகே என்னும் சபை ஒழுங்கு நூல், ஊர் ஊராகப் போகிற ஊழியரைக் கர்த்தரைப் போல ஏற்றுக்கொள்ளச் சொல்லுகிறது. ஆனால் அவர் ஒரு நாள், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கலாம் என்றும், மூன்று நாள் தங்கினால் அவர் கள்ளத்தீர்க்கதரிசி என்றும், புறப்படும்போது வழிக்கு அப்பம் தவிரப் பணம் கேட்டாலும் அப்படியே என்றும் அது எழுதிவைத்திருக்கிறது. ஆவியிலே பேசுவதாகச் சொல்லிக்கொண்டு தனக்குப் பணம் கேட்கிறவருக்குச் செவிகொடுக்கவேண்டாம் என்றும், ஏழைகளுக்காகக் கேட்டால் அவரை நியாயந்தீர்க்கவேண்டாம் என்றும் அதே நூல் சொல்லுகிறது. இந்தக் கண்டிப்பும் இந்த இரக்கமும் ஒரே பக்கத்தில் இருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ரோமச் சபை செய்த காரியம் இன்னும் பெரியது. சினோப்பே பட்டணத்துக் கப்பல் வணிகரான மார்கியோன் அந்தச் சபையில் சேர்ந்தபோது இரண்டு லட்சம் செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) காணிக்கை கொடுத்தார். பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று அவர் போதிக்கத் தொடங்கியதும், 144-ஆம் ஆண்டு வாக்கில் அவரை விலக்கிய சபை, அந்தப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று ஆதிச்சபை எழுத்தாளரான தெர்த்துல்லியன் எழுதியிருக்கிறார். பெருந்தொகை கொடுத்தவரின் போதகத்தைச் சோதிக்க நம்முடைய கமிட்டிகள் தயங்குகிற வேளையில் இந்த நிகழ்ச்சியை வாசித்துக் காட்டலாம்.

(காட்சி: வெள்ளிப்பட்டறையில் உருகும் வெள்ளி.)

வெள்ளிக் கொலுசுக்குப் பேர்பெற்ற இந்த ஊரில், தரம் பார்க்காமல் யாரும் வெள்ளியைப் பட்டறைக்கு எடுத்துக்கொள்ளுவதில்லை. விற்க வந்தவரும் அதற்காகக் கோபித்துக்கொள்ளுவதில்லை. "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று தெசலோனிக்கேயருக்கு எழுதின பவுலே, பெரோயா ஊரில் தம்முடைய பிரசங்கத்தை வேதவாக்கியங்களோடு ஒத்துப் பார்த்தவர்களால் சோதிக்கப்பட்டவர். லூக்கா அவர்களை நற்குணசாலிகள் என்று எழுதுகிறார். சோதிக்கப்படுவதை அவமானமாக எண்ணுகிற ஊழியரிடம், அந்தக் கோபத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

(காட்சி: கைபேசித் திரையில் ஒரு வாட்ஸ்அப் குழு; பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன.)

பிரிவினை உண்டாக்குகிறவர் எல்லா நேரமும் தவறான உபதேசத்தோடு வருவதில்லை. 3 யோவானில் வருகிற தியோத்திரேப்பு எந்த உபதேசத்தைப் புரட்டினார் என்று எழுதப்படவே இல்லை. அவர் முதன்மையாயிருக்க விரும்பினார், அப்போஸ்தலரைப் பற்றிப் பொல்லாத வார்த்தைகளை அலப்பினார், சகோதரரை ஏற்றுக்கொள்ள மறுத்தார், ஏற்றுக்கொள்ள விரும்பினவர்களையும் சபைக்குப் புறம்பே தள்ளினார். இன்றைக்கு இது தேர்தல் நேரத்துக் கமிட்டிப் போட்டியாகவும், நள்ளிரவில் பரவுகிற குரல் பதிவாகவும், "நம்ம ஆட்கள்" மட்டும் சேர்க்கப்பட்ட தனிக் குழுவாகவும் வருகிறது.

இங்கே மிகுந்த கவனம் தேவை. கேள்வி கேட்கிறவரைப் பிரிவினைக்காரர் என்று முத்திரை குத்துவது, தியோத்திரேப்பைப் போன்றவர்களுக்கு மிகவும் பிடித்த ஆயுதம். காணிக்கைக் கணக்கை ஏன் வாசிக்கவில்லை என்று ஒரு சகோதரி எழுந்து கேட்டால், அவர் சபையைக் காக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஓர் இடம் ஏன் என்று ஒரு வாலிபன் கேட்டால், அவன் சபையைப் பிரிக்கவில்லை; முன்பே பிரிக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டுகிறான். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுவந்த பேதுரு, சிலர் வந்தவுடன் பந்தியைவிட்டு விலகினபோது, பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அன்றைக்குச் சபையைப் பிரித்தது பவுலின் கேள்வி அல்லவே. பந்தியை விட்டு எழுந்ததுதான் பிரித்தது.

நடவடிக்கைக்கு வருவோம். மத்தேயு 18-இன்படி முதலில் தனியே, பின்பு ஒன்றிரண்டு பேரோடு, பின்பு சபைக்கு முன்பாக என்பது வரிசை. தீத்து 3:10 இரண்டொருதரம் புத்திசொன்ன பிறகு விலகச் சொல்லுகிறது. மூப்பர் மேல் வரும் பிராதுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5 சொல்லுகிறது. அதற்கு அடுத்த வசனமே, பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்லுகிறது. முதல் வசனத்தை மட்டும் காட்டி மூப்பர்களைக் காப்பாற்றுகிற பழக்கம் ஒழிய வேண்டும். ஒவ்வொரு சந்திப்பையும் தேதியோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அவர் சொன்ன மறுமொழியை அவருடைய வார்த்தைகளிலேயே எழுதுங்கள்.

ஆனால் குற்றங்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. ஒரு பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்திருப்பது தெரிந்தால், தனியே பேசித் தீர்க்க முயலுவது பாவம், சட்டப்படியும் குற்றம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. குழந்தைகள் உதவி எண் 1098. சபையின் பெயர் கெட்டுவிடும் என்று சொல்லுகிற மூப்பர், அந்த நிமிடத்தில் ஓநாயின் பக்கம் நிற்கிறார்.

இவை யாவும் நோய் வந்த பிறகு செய்யும் வேலைகள். அதற்கு முன்பு செய்யவேண்டியவை எளியவை, ஆனால் சலிப்பூட்டுகிறவை, ஆகையால்தான் விடுபடுகின்றன. வேதபாட வகுப்பு மழையிலும் நடக்க வேண்டும். கணக்கு ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்டுச் சபையில் வாசிக்கப்பட வேண்டும். நிலமும் கட்டிடமும் எந்தத் தனி மனிதரின் பெயரிலும் இல்லாமல், பதிவுபெற்ற சங்கத்தின் அல்லது டிரஸ்டின் பெயரில் இருக்க வேண்டும். வெளியூர் ஊழியர் பிரசங்கிக்குமுன் அவருடைய சொந்தச் சபையிலிருந்து கடிதம் கேட்க வேண்டும். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளைப் பவுல் பரிந்துரைத்து எழுதினதும், பிரிவினை செய்கிறவர்களை விட்டு விலகச் சொன்னதும் ரோமர் 16 என்னும் ஒரே அதிகாரத்தில்தான். மலையில் உள்ள சிறு குழுக்களுக்கு மாதத்துக்கு ஒருமுறையாவது மூப்பர் ஒருவர் ஏறிப்போய், பிரசங்கம் செய்யாமல், அவர்கள் என்ன கேட்கிறார்கள், கைபேசியில் யாரைக் கேட்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டுவர வேண்டும்.

(காட்சி: மூடிய வீட்டுக் கதவு ஒன்றைத் தட்டும் கை.)

இழுக்கப்பட்டுப்போன குடும்பங்களைப் பற்றியும் பேச வேண்டும். பெரும்பாலும் அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள். சிலர் நகையை இழந்தவர்கள். திரும்பி வர வெட்கப்பட்டு, எந்தச் சபைக்கும் போகாமல் வீட்டிலேயே இருக்கிறவர்கள் நம்முடைய தெருக்களில் உண்டு. கொரிந்துவில் தண்டிக்கப்பட்டவனைக் குறித்து, அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல்செய்யுங்கள் என்று பவுல் எழுதினார். தண்டிக்கப்பட்டவனுக்கே அப்படியானால், ஏமாந்தவர்களிடம் விளக்கக் கடிதம் கேட்பது எப்படி நியாயமாகும்? அவர்களை நன்றாக அறிந்த இரண்டு பேர் இந்த வாரமே அந்த வீட்டுக்குப் போகட்டும். நடந்ததைப் பற்றி அவர்களாகப் பேசினால் கேட்கட்டும். பேசாவிட்டால், அவர்களோடு ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபித்து, மறுவாரமும் வருவதாகச் சொல்லிவிட்டு வரட்டும். சொன்னபடியே போகட்டும்.