படகு ஏறும் படிக்கட்டு

அவையோருக்கு வணக்கம். பயணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சொல்லப்போகும் பயணத்தில் வேகம் என்ற பேச்சே கிடையாது. இங்கிலாந்துக் கால்வாய்களில் படகுக்கு உச்ச வேகம் மணிக்கு 4 மைல். கரையில் நாயோடு நடக்கிற பாட்டி நம்மைத் தாண்டிப் போவார். போகிறபோது கையும் அசைப்பார்.

அந்தப் படகுக்கு நேரோபோட் என்று பெயர். அகலம் 7 அடிக்குள்தான். நாங்கள் நாலு பேர் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தது 57 அடி நீளம். ரயில் பெட்டி ஒன்றைத் தண்ணீரில் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். உள்ளேயே அடுப்பு, படுக்கை, குளியலறை. ஓட்ட உரிமம் எதுவும் வேண்டாம். கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாவியைத் தந்துவிட்டார்கள். சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். இது எனக்குப் பிடிபட இரண்டு நாளாயிற்று. அதற்குள் கரையோரப் புதர்கள் எல்லாவற்றோடும் நல்ல பழக்கமாகிவிட்டது.

மூன்றாம் நாள் லெஸ்டர்ஷயரில் ஃபாக்ஸ்டன் வந்தது. எதிரே ஒரு குன்று. கால்வாய் அதன்மேல் ஏறுகிறது. 1814இல் திறந்த 10 லாக்குகள், ஐந்தைந்தாக இரண்டு வரிசை. மொத்த ஏற்றம் 75 அடி. லாக் என்றால் இரு முனையிலும் கதவு வைத்த ஒரு தொட்டி. படகை உள்ளே விட்டுப் பின்கதவைச் சாத்தி, மேலிருந்து தண்ணீரை விட்டால், தண்ணீரோடு படகும் எழும்பும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றாகும்வரை முன்கதவை நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசைக்க முடியாது. ஒன்றானதும் ஒருவர் முதுகைக் கொடுத்தாலே திறந்துவிடும்.

அங்கே தன்னார்வலராக ஒரு லாக் காவலர் இருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம். வந்ததும் என்னை, "சரி, மை டக், எத்தனை பேர்?" என்றார். டக் என்றால் வாத்துதானே! பக்கத்தில் நிஜ வாத்துகள் வேறு நீந்திக்கொண்டிருந்தன. யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒரு கணம் குழம்பிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பக்கத்தில் அது 'கண்ணு' மாதிரி ஒரு செல்ல விளி. மீசைக்காரரும் டக்தான், கடைக்காரம்மாவும் டக்தான்.

அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது ஒரு பாட்டு. அங்கே ஒவ்வொரு லாக்குக்கும் பக்கத்தில் ஒரு குளம். சிவப்பு ஷட்டரைத் தூக்கினால் குளத்துத் தண்ணீர் நம் தொட்டிக்குள் வரும். வெள்ளையைத் தூக்கினால் மேல்தொட்டித் தண்ணீர் குளத்துக்குப் போகும். வெள்ளையை முதலில் தூக்கிவிட்டால் குளம் நிரம்பி வழியும். அதனால், 'சிவப்புக்குப் பின் வெள்ளை, வராது தொல்லை.' எதுகை நான் போட்டது. பாட்டின் மறுபாதி கொஞ்சம் சாபம் மாதிரி இருக்கும், அது இந்த மேடைக்கு வேண்டாம்.

தொட்டி நிரம்பும்வரை நமக்கு வேலையே இல்லை. எங்கேயும் போகவும் முடியாது. பேசித்தான் ஆகவேண்டும். கரையில் வெறுமனே வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் படகுக்காரர்கள் 'கங்கூஸ்லர்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பெரியவர், கையில் ஐஸ்கிரீம், என்னைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்தப் பக்கத்துச் சரிவு தெரிகிறதா?" 1900இல் அங்கே படகுகளைத் தொட்டியோடு தூக்கத் தண்டவாளம் போட்டு, நீராவி எஞ்சின் வைத்தார்களாம். லாக் வழியே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிற ஏற்றம் 12 நிமிடத்தில் முடியுமாம். எதிர்பார்த்த அளவு படகுகள் வரவில்லை, 1911இல் நிறுத்திவிட்டார்கள். 1928இல் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஏதோ தன் பாட்டன் நிலத்தைப் பங்காளி பிடுங்கிக்கொண்ட மாதிரி அவ்வளவு ஆற்றாமையோடு சொன்னார். ஐஸ்கிரீம் உருகி அவர் முழங்கைவரை வந்துவிட்டது.

அவரைப் பார்த்துத் தலையாட்டியபடியே ஷட்டர் சுற்றுகிற இரும்புச் சாவியைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டேன். விண்ட்லஸ் என்பார்கள், முழங்கை மாதிரி வளைந்திருக்கும். அது இல்லாமல் ஒரு லாக்கும் திறக்காது. மாற்றுச் சாவி ஒன்று இருந்தது. ஆனாலும் தொலைந்ததற்கு வாடகைக்காரரிடம் பதில் சொல்லவேண்டுமே!

மேலே ஏறி முடித்ததும், நிலக்கரியும் டீசலும் விற்கிற படகொன்று நின்றிருந்தது. கரி படிந்த முகத்தோடு ஒரு பெண்மணி. கதையைக் கேட்டார், ஒன்றும் சொல்லாமல் கயிறு கட்டிய காந்தத்தை எடுத்துக்கொண்டு எங்களோடு கீழே இறங்கி வந்தார். மூன்றாம் வீச்சில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. துருவேறி, பாசி பிடித்து. எங்களுடையது இல்லை. மறுபடி போட்டார், இன்னொன்று. அதுவும் இல்லை.

"இரண்டையும் வைத்துக்கொள், மை டக்," என்றார். "உன்னுடையது அடுத்தவனுக்குக் கிடைக்கும்."