முதுகு முழுக்க பேட்ச்... ஆனா ஒரு பேட்ஜ்கூட இல்ல! கேர்ள் ஸ்கவுட் வெஸ்ட்ல எது எங்கே?

[திரையில்: பச்சை வெஸ்ட்டின் பின்பக்கம், நெருக்கத்தில்]

இந்த வெஸ்ட்டைப் பாருங்க மக்களே. அமெரிக்காவுல கேர்ள் ஸ்கவுட், அதாவது பெண் சாரணர் இயக்கத்துப் பொண்ணுங்க சீருடையா போடுற கையில்லாத மேல்சட்டை இது. பீட்சா, கயாக், ஆந்தை, பெங்குவின், ஒரு டோனட்டுகூட இருக்கு. விரல் வைக்க இடமில்ல. ஆனா கேர்ள் ஸ்கவுட் கணக்குப்படி இதுல ஒண்ணுகூட பேட்ஜ் கிடையாது! இது தெரியாம எல்லாத்தையும் முன்பக்கத்துல தைச்சுட்டு, விழாவுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து நூல் பிரிக்கிற அப்பா அம்மாக்களுக்காகத்தான் இந்த வீடியோ.

வரலாறு ஒரே மூச்சுல: 1912 மார்ச் 12, அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம், சவானா ஊர், ஜூலியட் கார்டன் லோ 18 பொண்ணுங்களோட ஆரம்பிச்சாங்க. வகுப்பு ஏற ஏற லெவலும் மாறும்: கிண்டர்கார்டன்ல டெய்சி, அப்புறம் பிரவுனி, ஜூனியர், கடெட், சீனியர், கடைசியா அம்பாசடர். போதும், வெஸ்ட்டுக்கு வருவோம்.

பேட்ஜ்னா அதுக்குச் செய்ய வேண்டிய படிகள் எழுதியே இருக்கும், பெரும்பாலும் 5. அதை முடிச்சாதான் வெஸ்ட்டோட முன்பக்கம் ஏறும். ஜர்னி (ஒரே கருப்பொருள்ல தொடரா செய்யுற வேலைகள்) முடிச்சா வர்ற அவார்டு, டெய்சிக் குட்டிங்க வாங்குற பூவிதழ் வடிவச் சின்னம் 10, இதெல்லாம்கூட முன்பக்கம்தான். ஃபன் பேட்ச்ங்கிறது 'போனோம், கலந்துக்கிட்டோம்', அவ்ளோதான். டிரூப், அதாவது பொண்ணு இருக்கிற ஸ்கவுட் குழு, ஸ்கேட்டிங் போச்சு, லீடர் ஆன்லைன்ல தலைக்கு ஒண்ணு ரெண்டு டாலருக்கு வாங்கிக் கொடுத்தாங்க. அது பின்பக்கம். முன்பக்கம் மார்க் ஷீட், பின்பக்கம் ஆட்டோகிராஃப் நோட்டு. என்னைக் கேட்டா, ஆட்டோகிராஃப் நோட்டுதான் படிக்க சுவாரசியம்.

குழப்பம் எங்க வருதுன்னா, மிருகக்காட்சி சாலை, மியூசியம் மாதிரி இடங்கள்ல நடக்கிற வொர்க்‌ஷாப்ல. சிலது பேட்ஜோட படிகளை முறையா செய்ய வைக்கும், சிலது சுத்திக் காட்டிட்டு அந்த இடத்தோட பேட்ச்சை மட்டும் கொடுக்கும். பணம் கட்டுறதுக்கு முன்னாடி அறிவிப்பைப் படிங்க. எந்த பேட்ஜ், எந்தெந்தப் படின்னு போட்டிருந்தா முன்பக்கம். ஒண்ணும் போடலைன்னா பின்பக்கம்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம்.

[திரையில்: பாலத்து நடைபாதையில் வரிசையாகப் பெண்கள்]

ஒரு லெவல்ல இருந்து அடுத்த லெவலுக்குப் போறதுக்குப் பேரு பிரிட்ஜிங். டிரூப்புங்க பொதுவா பார்க்ல இருக்கிற மரப் பாலத்தைத் தேடிப் போகும். வட கலிபோர்னியாவுல என்ன பண்றாங்க தெரியுமா? நேரா கோல்டன் கேட் பாலத்துக்கே போயிடுறாங்க! ஜூனியர்ல இருந்து கடெட் ஆகுற பொண்ணுங்க அந்த 2.7 கிலோமீட்டர் பாலத்துல நடக்குறாங்க. இதுக்காகவே வெளி மாநிலத்துல இருந்து வர்ற டிரூப்புங்க உண்டு. பாட்டில் மூடி, ஃபெல்ட் துணி, மணின்னு கையால செஞ்சு சேஃப்டி பின் மாட்டின குட்டிப் பொருளுங்க கை மாறும். அதுக்குப் பேரு ஸ்வாப்ஸ். தொப்பி முழுக்க அதைக் குத்திக்கிட்டுத் திரிவாங்க.

இங்கதான் வேடிக்கையே. பாலத்துல நடந்ததுக்குக் கிடைக்கிற பேட்ச், பின்பக்கம். நடந்துட்டதால பிரிட்ஜிங் அவார்டு வந்துடாது! அதுக்கு ரெண்டு வேலை தனியா இருக்கு: நீங்க கத்துக்கிட்டதைச் சின்னப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும், அடுத்த லெவல் அக்காக்களோட சேர்ந்து ஏதாவது செஞ்சு அங்க என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். அதை முடிச்சா வர்றது முன்பக்கம். ரெண்டையும் மாத்தித் தைக்கிற ஆளுங்க ஏராளம்.

பின்பக்கத்துக்கு வேற எங்க கிடைக்கும்? உங்க கவுன்சில், அதாவது உங்க பகுதி டிரூப்புகளை நடத்துற அமைப்பு, தன் சொந்த பேட்ச் நிகழ்ச்சிகள் நடத்தும். தேசியப் பூங்காக்கள்ல ரேஞ்சர் பேட்ச் இருக்கு. நிதி திரட்ட இலையுதிர் காலத்துல நடக்கிற நட்ஸ், சாக்லேட் விற்பனையில பொண்ணு தன்னை மாதிரியே ஒரு கார்ட்டூன் உருவம் செஞ்சு, அதுலயும் அப்புறம் வர்ற குக்கீ விற்பனையிலயும் குறிச்ச எண்ணிக்கை எட்டினா, அந்த உருவமும் பேரும் போட்ட பேட்ச் வீட்டுக்கே வரும். எண்ணிக்கை கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். அதுக்காக அப்பாவோட ஆபீஸ் முழுக்க குக்கீ வாங்கின கதை உங்களுக்கே தெரியும்.

பெரிய அவார்டுகளை வேகமா சொல்றேன். ப்ரான்ஸ் (வெண்கலம்) ஜூனியருக்கு, டிரூப்பா சேர்ந்து, பரிந்துரைக்கிற நேரம் 20 மணி. சில்வர் கடெட்டுக்கு, தனியாவோ சின்னக் குழுவாவோ, 50. கோல்டு சீனியர், அம்பாசடருக்கு, தனி ஆளா, 80. மூணுக்கும் முன்னாடி ஜர்னி முடிச்சிருக்கணும். கோல்டுக்கு ரெண்டு ஜர்னி, இல்லேன்னா சில்வரும் ஒரு ஜர்னியும். ரெண்டு இடத்துல சறுக்குறாங்க. ஒண்ணு, கோல்டு திட்டத்தை கவுன்சில் ஒப்புக்கிறதுக்கு முன்னாடியே வேலையை ஆரம்பிக்கிறது. அந்த மணி நேரம் கணக்குல வராது. இன்னொண்ணு, பழைய துணி, புத்தகம் சேகரிச்சுக் கொடுத்துட்டு அதையே திட்டம்னு காட்டுறது. பிரச்சினைக்கு என்ன காரணம், நீ விலகின பிறகும் வேலை நடக்குமான்னு கேட்பாங்க. சேகரிப்புல ரெண்டுக்குமே பதில் இருக்காது. உயிரைக் காப்பாத்தினதுக்கு மெடல் ஆஃப் ஹானர், தன் உயிரைப் பணயம் வெச்சுக் காப்பாத்தினா ப்ரான்ஸ் கிராஸ். இதுக்கெல்லாம் பிளான் போட்டு இறங்காதீங்க, ப்ளீஸ்.

சரி, நிஜமான போராட்டம்: தையல்!

[திரையில்: அயர்ன் பாக்ஸ், ஊசி, ஓரம் பிரிந்து தொங்கும் பேட்ச்]

முதல்ல பேட்ச்சைத் திருப்பிப் பாருங்க. பின்னாடி பளபளன்னு இருந்தா உடனே அயர்ன் பண்ணலாம்னு நினைச்சுடாதீங்க. சிலதுல அது பசை, சிலதுல விறைப்புக்காக வெச்ச வெறும் பிளாஸ்டிக். வாங்கின இடத்துல 'அயர்ன் ஆன்'னு போட்டிருக்கான்னு பாருங்க. பசைதான்னா, அயர்ன்ல தண்ணியைக் காலி பண்ணுங்க. நீராவி பட்டா பசை பிடிக்காது. மேல மெல்லிசு காட்டன் துணி போட்டு, தேய்க்காம, 30 செகண்ட் அழுத்துங்க. வெஸ்ட்டை உள்பக்கமா திருப்பி இன்னொரு 30 செகண்ட், ஏன்னா எம்பிராய்டரி தடிமனா இருந்தா மேல இருந்து சூடு பசை வரைக்கும் போகாது. முழுசா ஆறுற வரை ஓரத்தைச் சுரண்டக் கூடாது. இவ்வளவும் செஞ்சாலும், சுத்தி நாலு இடத்துல தையல் போடுங்க. நாற்காலியில சாயறப்போ முதல்ல கிளம்புறது முதுகோட கீழ் வரிசை ஓரம்தான்.

கையால தைச்சா, நூல் வெஸ்ட் கலர்ல வேண்டாம், பேட்ச்சோட தடிச்ச ஓரத்தோட கலர்ல எடுங்க. ஊசியை அந்த ஓரத்துக்குள்ளேயே ஓட்டுங்க, தையல் கண்ணுக்கே தெரியாது. கண்ணாடி மாதிரி நைலான் நூல் சிலர் போடுவாங்க. முடிச்சு வழுக்கும், மூணு முடிச்சு போடணும், அப்புறம் அது மேல அயர்ன் வெச்சா உருகிடும். மெஷின்னா ஜீன்ஸ் ஊசி, 90 இல்லேன்னா 100 நம்பர். சாதா ஊசி படக்குன்னு உடையும்.

பேட்ஜ் மேஜிக் மாதிரி ஒட்டுற ஷீட்? நல்லாப் பிடிக்கும், ஆனா எடுத்தா பிசின் நிக்கும். அது மேல தைச்சா ஊசியிலயும் ஏறும். அதனால இடம் மாறவே மாறாததுக்கு மட்டும் ஷீட். பின்பக்கத்துல அடுத்த வருஷமே இடம் மாத்த வேண்டி வரும், அதுக்கு நூல்தான். ஹாட் க்ளூ பக்கம் போகாதீங்க. டிரையர் சூட்டுல இளகும்.

எல்லாத்தையும் முதல்ல குண்டூசியில குத்தி, போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு, அப்புறம் தையுங்க. பேட்ச் சேர்க்கிற பொண்ணுன்னா சாஷ் (தோள்ல இருந்து குறுக்கே போடுற பட்டை) வேண்டாம், அதுல பின்பக்கம்னு பெருசா ஒண்ணும் இல்ல. கடெட்ல இருந்து போடுற காக்கி வெஸ்ட் 12-ம் வகுப்பு வரைக்கும் ஓடணும், அதனால பெரிய சைஸ். துவைக்கிறது பச்சைத் தண்ணி, காயுறது கொடியில.

உங்க வீட்டுப் பொண்ணோட வெஸ்ட் முதுகுல இருக்கிறதுலயே விசித்திரமான பேட்ச் எதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. டோனட்டை யார் தோற்கடிக்கிறாங்கன்னு பார்ப்போம்.