குறளனும் குள்ளனும்

நேயர்களுக்கு வணக்கம்.

குறள் என்றால் இரண்டடிப் பாட்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நிறுத்திவிடுகிறோம். அந்தச் சொல் ஆளையும் குறிக்கும். உயரம் மிகக் குறைந்தவருக்குக் குறளன் என்று பெயர். யாப்பருங்கலக்காரிகை என்ற செய்யுள் இலக்கண நூலுக்கு உரை எழுதிய குணசாகரர் இதை வைத்துத்தான் செய்யுள் அடிகளின் பெயர்களை விளக்குகிறார். ஆட்களில் மிகக் குறியவர் குறளன், அவரைவிடச் சற்று உயர்ந்தவர் சிந்தன், குட்டையும் நெட்டையும் இல்லாமல் நடுவில் இருப்பவர் அளவிற்பட்டவர், அப்புறம் நெடியவர், அவரையும் மிஞ்சினால் கழிய நெடியவர். அதேபோல இரண்டு சீர் வந்தால் குறளடி, மூன்று சீர் சிந்தடி, நான்கு அளவடி, ஐந்து நெடிலடி, அதற்கு மேல் கழிநெடிலடி. இதில் ஏளனம் எதுவும் இல்லை, வெறும் அளவுதான்.

அதற்காக அந்தக் காலத்தில் யாரும் கேலி செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. கலித்தொகையில் 94-ஆம் பாட்டைப் பாருங்கள். அரண்மனையில் ஏவல் செய்யும் ஒரு கூனியும் ஒரு குறளனும் பேசிக்கொள்கிறார்கள். அவன் அவளை வழிமறித்து ஆசையைச் சொல்கிறான். அவள் அவனை, மனிதத் தலை உடையதாகச் சொல்லப்படும் ஆண்டலைப் பறவையின் குஞ்சு என்று ஏசுகிறாள். அவனும் சும்மா இருப்பானா? அவளுடைய கூனைச் சொல்லிக் கேலி செய்கிறான். வாய்க்கு வாய் கிண்டல் செய்துகொண்டே சமாதானமும் ஆகிவிடுகிறார்கள். கடைசியில், "கோயிலுக்குள் பார்த்தால் சிரிப்பார்கள், சோலைப் பக்கம் போய்விடலாம்" என்று முடிவு செய்கிறார்கள். கோயில் என்றால் இங்கே அரண்மனை. ஊர் எதற்குச் சிரிக்கும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. எனக்கு இந்தப் பாட்டில் பிடித்த இடம் அதுதான்.

இன்று குறளன் வழக்கில் இல்லை, குள்ளன்தான் இருக்கிறான். "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். கள்ளனும் குள்ளனும் எதுகையில் பொருந்திவிட்டார்கள், அவ்வளவுதான். ஓசைக்காக ஒரு கூட்டத்தின் மேலேயே பழியைப் போட்டாயிற்று. போதாததற்குக் குள்ளநரித்தனம் வேறு.

தென்னந்தோப்பு வைத்திருப்பவரிடம் போய்க் 'குட்டை' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். குட்டை ரகம் மூன்று நான்கு வருடத்தில் பாளை விட்டுவிடும். நெட்டை ஆறேழு வருடம் காக்க வைக்கும். தேங்காய் பறிக்கவும் குட்டைதான் வசதி. 1966-இல் வந்த ஐ.ஆர். 8 நெல்லும் குட்டை ரகம். உரம் போட்டாலும் தாள் சாயாமல் நின்றதால்தான் அத்தனை விளைச்சல்.

சரி, மனிதருக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உண்டு. மருத்துவக் காரணத்தாலோ மரபணுவாலோ, வளர்ந்த பிறகும் உயரம் 147 சென்டிமீட்டர், அதாவது நாலடி பத்து அங்குலம், அல்லது அதற்குக் குறைவாக இருப்பவர்களும் அதில் வருகிறார்கள். இவர்களில் பலருடைய அப்பா அம்மா சராசரி உயரம் உள்ளவர்கள்தான். எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் மரபணு மாற்றம் பிள்ளையிடம் புதிதாகவே தோன்றலாம்.

'குள்ளமானவர்' என்று அடையாளம் சொல்வதில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை, தேவையான இடத்தில் சொன்னால். "ஏ குள்ளா" என்று அதையே பேராக்கிக் கூப்பிடும்போதுதான் வலிக்கிறது. இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் அன்பு என்றே நினைத்துச் செய்கிறார்கள். நாற்பது வயதுக்காரரை, மீசை நரைத்திருப்பதைப் பார்த்த பிறகும், "தம்பி, இங்க வாப்பா" என்று கன்னத்தைத் தட்டுவது. பேருந்தில் "என்ன, அரை டிக்கெட்டா?" என்று கேட்டுவிட்டு மற்ற பயணிகளைப் பார்த்துச் சிரிப்பது. அவர் முழு டிக்கெட்டுக்குக் காசு நீட்டிக்கொண்டுதான் நிற்பார். பேர் தெரியாவிட்டால் 'அண்ணே' என்று கூப்பிட்டு டிக்கெட்டைக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.