சிவப்புப் பேனாவைக் கொஞ்ச நேரம் மூடி வைப்போம்

வணக்கம். ஏற்காடு மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கட்டுரை நோட்டை எடு என்றாலே முகம் சுருங்கிப்போகும் பிள்ளைகளை எப்படி எழுத வைப்பது என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

பல வருடம் 'மழைநீர் சேகரிப்பு', 'மரம் வளர்ப்போம்' என்றுதான் தலைப்புக் கொடுத்தேன். எல்லா நோட்டிலும் ஒரே குறள், ஒரே முடிவுரை, எல்லாம் கைடிலிருந்து வந்தவை. பிள்ளைகள் மேல் கோபம் வரும். ஆனால் அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாத தலைப்பைக் கொடுத்தது நான்தானே?

ஒரு ஜனவரி மாதம், திங்கட்கிழமை, ஒரு பெண் கை விரலெல்லாம் கறையோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு காப்பித் தோட்டத்துக்குப் போனாளாம். சிவந்த பழத்தை மட்டும்தான் பறிக்க வேண்டும், பச்சைக் காய் கூடையில் விழுந்தால் மேஸ்திரி சத்தம் போடுவார் என்று அவள் சொல்லச் சொல்ல வகுப்பே வாய் மூடிக் கேட்டது. அதையே எழுதேன் என்றேன். ஒன்பது வரி எழுதினாள். அதில் ஒரு வரி: 'பழத்தை நசுக்கினால் ரெண்டு கொட்டை வழவழன்னு வரும், நக்கினால் இனிக்கும்.'

அன்றிலிருந்து எழுதுவதற்கு முன் பத்து நிமிடம் பேச விடுகிறேன், பக்கத்தில் இருப்பவனிடம்தான், என்னிடம் இல்லை. அப்புறம் எழுதுவார்கள், நானும் கூடவே உட்கார்ந்து எழுதுவேன். முதல் தடவை பிழை திருத்துவதில்லை. ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதுவேன், 'மேஸ்திரி என்ன சொன்னார்?' என்பதுபோல. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நோட்டை மூடுகிற பிள்ளை, கேள்வியைப் பார்த்தால் பேனாவை எடுக்கிறது. இரண்டாவது தடவை எழுதும்போது ஏதாவது ஒரு வகைப் பிழையை மட்டும் பார்ப்போம். இந்த வாரம் ர, ற என்றால் அதோடு சரி, ல, ள, ழ அடுத்த வாரம்.

பாடம் முடியாதே என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். வாரத்தில் இரண்டு பீரியட் போதும். கீழே சேலத்தில் இருப்பவர்களுக்குக் காப்பி இல்லாவிட்டால் என்ன, செவ்வாய்ப்பேட்டைப் பிள்ளைக்குக் கொலுசுப் பட்டறை தெரியும், அம்மாபேட்டைப் பிள்ளைக்குத் தறியில் ஓடும் பாவும் ஊடையும் தெரியும். நமக்குத் தெரியாததை அவர்கள் நமக்குச் சொல்லட்டுமே.

அந்தப் பெண் தன் ஒன்பது வரியை வாசித்தபோது, அதுவரை வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, 'இல்ல டீச்சர், சில பழத்துல ஒரே கொட்டைதான் இருக்கும், உருண்டையா' என்றான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அவன் ஒரு காகிதப் பொட்டலத்தை என் மேசையில் பிரித்து வைத்தான், உள்ளே ஐந்தாறு உருண்டைக் கொட்டைகள். அவள் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள், நோட்டைத் திறந்தாள், பத்தாவது வரியை எழுதத் தொடங்கினாள்.