சங்கு ஊதி விடிந்த ஊர்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'புதுச்சேரியை வளர்த்தது சுற்றுலாவா, ஆலையா?' என்று கேட்டிருக்கிறார்கள். ஆலைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்களையும், சனிக்கிழமையானால் சென்னையிலிருந்து வரும் கார் வரிசையையும் அழகாக வர்ணித்தார். சரி அண்ணே, அந்தக் கார்கள் ஞாயிறு ராத்திரி திரும்பிப் போய்விடுகின்றன. ஆலைக்கு வேலை தேடி வந்தவர்கள் திரும்பவில்லை. முதலியார்பேட்டையில் குடிசை போட்டார்கள், பிறகு ஓடு போட்டார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

1820களின் கடைசியிலேயே இங்கே சவானா மில் வந்துவிட்டது. புதுச்சேரியின் நீலத் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. 1898இல் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், நம் வாயில் ரோடியர் மில். இவற்றோடு பாரதி மில்லும் இருந்தது.

என் தாத்தா நூற்புப் பிரிவில் இருந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்தால் புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். ஆயா வாசலிலேயே நிறுத்தி, துண்டால் தட்டிவிட்ட பிறகுதான் உள்ளே விடுவார். எங்கள் தெருவில் கடிகாரம் இருந்தது இரண்டே வீட்டில். மில் சங்கைக் கேட்டுத்தான் மற்றவர்கள் உலை வைப்பார்கள்.

நடுவர் அவர்களே, வளர்ச்சி என்றால் கட்டடம் மட்டும்தானா? 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக்காரர்களின் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. 12 பேர் செத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவும் தொழிலாளர்களும் விடவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அதற்கு முன்பு இருட்டில் போய் இருட்டில் திரும்பிய ஆள், அதன் பிறகுதான் தன் பிள்ளையின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தார். எந்த ஓட்டல் இந்த ஊருக்கு இப்படி ஒரு சாயங்காலத்தைக் கொடுத்தது?

"அந்த ரோடியர் மில்தான் 2020இல் மூடிப்போச்சே" என்று எதிரணியில் கேட்டார்கள். மூடிப்போனது உண்மை, அதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது. ஆனால் ஒரு ஆலை நின்றதும் அதன் வாசலில் இருந்த டீக்கடை, சைக்கிள் கடை, மெஸ் எல்லாம் சேர்ந்தே வாடின. ஊரின் சோறு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? கடற்கரையில் அத்தனை கூட்டம் இருந்தும், அந்த டீக்கடைக்கு ஒருவரும் வரவில்லை.

தீர்ப்பு எழுதும் முன் நடுவர் ஒருமுறை கடலூர் சாலையில், அந்தப் பூட்டிய கேட்டுப் பக்கமாக நடந்து வாருங்கள்.