இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம்: சமன்பாட்டில் இடம் கிடைக்காத அந்நியச் செலாவணி

[திரையில்: 5,600 கோடி ரூபாய், 5 ஆண்டுகள்]

வணக்கம். ஒரு நாடு ஐந்து வருஷத்தில் 5,600 கோடி ரூபாய் முதலீடு செய்யப் போகிறது. நாட்டு வருமானம் வருஷத்துக்கு 5 சதவீதம் உயர வேண்டும். புதிதாக 1 கோடியே 10 லட்சம் பேருக்கு வேலை வேண்டும். எந்தத் துறையில் எவ்வளவு போடுவது?

1955-இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் புள்ளியியல் அறிஞர் பி.சி. மகலனோபிஸ் போட்ட கணக்கு இது. அடுத்த வருஷம் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் இந்தச் சிந்தனையின் மேல்தான் எழுந்தது. நம் நாட்டின் பொருளாதாரக் கொள்கையைப் புரிந்துகொள்ள விரும்பும் யாரும் இதை ஒருமுறையாவது பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். வாங்க, பார்ப்போம்.

[திரையில்: நான்கு துறைகள்]

பொருளாதாரத்தை அவர் நான்காகப் பிரித்தார். முதலாவது, எஃகு, இயந்திரம் போன்ற முதலீட்டுப் பொருள்கள். இரண்டாவது, ஆலைகளில் தயாராகும் நுகர்பொருள்கள். மூன்றாவது, விவசாயமும் கைத்தறி போன்ற வீட்டுத் தொழில்களும். நான்காவது, சேவைகள்.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள். ஒருவருக்கு வேலை கொடுக்க எவ்வளவு முதலீடு வேண்டும் என்பது ஒன்று. போட்ட ஒரு ரூபாய்க்கு ஆண்டு வருமானம் எவ்வளவு கூடும் என்பது இன்னொன்று. இயந்திரத் துறையில் ஒரு வேலைக்கு 20,000 ரூபாய், ஒரு ரூபாய்க்கு 20 காசு. ஆலையில் 8,750 ரூபாய், 35 காசு. சேவையில் 3,750 ரூபாய், 45 காசு. வீட்டுத் தொழில், விவசாயத்தில் வெறும் 2,500 ரூபாய், ஒன்றேகால் ரூபாய்!

இப்போது கவனியுங்கள். தெரிய வேண்டியவை நான்கு: நான்கு துறைகளுக்கும் எவ்வளவு பணம் என்பது. சமன்பாடுகளோ மூன்று: மொத்த முதலீடு, வருமானம், வேலை. நான்கில் ஒன்றை வெளியிலிருந்து முடிவு செய்தால்தான் கணக்கு தீரும். மகலனோபிஸ் அதைச் செய்தார். மொத்த முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கு இயந்திரத் துறைக்கு என்று நிர்ணயித்துவிட்டு, மீதி மூன்றுக்கும் விடை கண்டார். ஆக, திட்டத்தின் மிகப் பெரிய முடிவு கணக்கிலிருந்து வந்த விடை அல்ல. கணக்குக்குள் கொடுக்கப்பட்ட எண்.

ஜப்பானியப் பொருளாதார அறிஞர் ரியுதாரோ கொமியா 1959-இல் இந்தக் கணக்கின் பலவீனத்தைப் பிடித்தார். அதே எண்களை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம். ஆலைத் துறையிலிருந்து 100 கோடியை எடுத்து வீட்டுத் தொழிலில் போடுங்கள். வருமானம் 90 கோடி கூடுகிறது. வேலை சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம் குறைந்து, 4 லட்சம் சேர்கிறது. இரண்டுமே லாபம். அப்படியென்றால் ஏன் எல்லாவற்றையும் அங்கேயே போடக் கூடாது? நெய்த துணியை யார் வாங்குவார்கள், நூல் எங்கிருந்து வரும் என்பதற்கெல்லாம் இந்தச் சமன்பாட்டில் இடமே இல்லை.

[திரையில்: பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர்]

சரி, ரூபாய்க்கு 20 காசு மட்டுமே தரும் துறைக்கு ஏன் மூன்றில் ஒரு பங்கு? இயந்திரத்தைச் செய்யும் இயந்திரம் நம்மிடம் இல்லையென்றால், ஒவ்வொரு ஆலைக்கும் வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டும். அன்று நம் ஏற்றுமதியில் பெரும்பங்கு சணல், தேயிலை, பருத்தித் துணி. அவை பெரிதாக வளராது என்று திட்டமிட்டவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை ஏற்றுக்கொண்டால், மகலனோபிஸ் சொன்னது நியாயமான வழிதான். அவரைக் குருட்டுக் கணக்குக்காரர் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நம்பிக்கையை யாரும் போதுமான அளவு சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இயந்திரத் தொழிலைத் தொடங்கவே முதலில் இயந்திரம் இறக்குமதி செய்தாக வேண்டும். புதிய எஃகு ஆலைகளுக்கு வெளிநாடுகள்தான் கைகொடுத்தன: பிலாய்க்கு சோவியத் ஒன்றியம், ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனி, துர்காப்பூருக்கு பிரிட்டன். சமன்பாடுகள் அனைத்தும் ரூபாயில். அந்நியச் செலாவணிக்கு, அதாவது இறக்குமதிக்குக் கொடுக்க வேண்டிய வெளிநாட்டுப் பணத்துக்கு, ஒரு வரிகூட இல்லை. திட்ட அறிக்கை அதைத் தனியாகக் கணக்கிட்டது. ஐந்து வருஷத்தில் கையிருப்பிலிருந்து 200 கோடி எடுத்தால் போதும் என்றது. முதல் வருஷத்திலேயே அதைவிட அதிகமாகக் கரைந்துவிட்டது. தனியார் இறக்குமதி எகிறியது, உணவு தானியம் வாங்க வேண்டியிருந்தது, சூயஸ் கால்வாய் மூடப்பட்டதில் கப்பல் கட்டணமும் ஏறியது.

திட்டத்தின் அளவுக்கு ஏற்ற சேமிப்பு நாட்டில் இல்லை, 1,200 கோடி பற்றாக்குறை நிதி (வரவுக்கு மேலான செலவைப் புது நோட்டு அச்சடித்து ஈடுகட்டுவது) ஆபத்து என்ற எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. பி.ஆர். ஷெனாய் 1955-இல் பொருளாதார அறிஞர் குழுவில் தனியாக மறுப்புக் குறிப்பு எழுதினார். அவர் சொன்ன மாற்று வழி எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு திட்டத்துக்கு அப்படிப்பட்ட வாசகர்தான் தேவை.

[திரையில்: ரிசர்வ் வங்கிச் சட்டத் திருத்தம்]

நெருக்கடி எவ்வளவு கடுமை என்பதற்கு ஒரு சட்டப்பிரிவே சாட்சி. அச்சடிக்கும் நோட்டுக்கு ஈடாக ரிசர்வ் வங்கி 115 கோடி மதிப்புள்ள தங்கமும், 400 கோடிக்கு வெளிநாட்டுப் பத்திரங்களும் வைத்திருக்க வேண்டும் என்று 1956-இல் திருத்தம் வந்தது. மறு வருஷமே இரண்டும் சேர்ந்து 200 கோடி இருந்தால் போதும் என்று இறக்கிவிட்டார்கள். அதில் தங்கம் அதே 115 கோடி. அதாவது, செலவழிப்பதற்காகப் பூட்டையே தளர்த்தினார்கள்.

1958-இல் திட்டத்தையே இரண்டாக வெட்டினார்கள். 4,800 கோடி அரசுச் செலவில் 4,500 கோடி கட்டாயம் நடக்கும். மீதி 300 கோடி, பணம் வந்தால் பார்க்கலாம். அந்த ஆகஸ்டில் உலக வங்கி கடன் கொடுக்கும் நாடுகளை வாஷிங்டனில் கூட்டி இந்தியாவுக்கு உதவி திரட்டியது. எஃகு, நிலக்கரி, ரயில், துறைமுகம் ஆகியவை ‘மையத் திட்டங்கள்’ என்று காப்பாற்றப்பட்டன. அப்புறம் எதைக் குறைத்தார்கள்? விவசாயத்தையும், கல்வி, மருத்துவம் அடங்கிய சமூக சேவைகளையும். அமெரிக்காவிலிருந்து கோதுமை வந்துகொண்டிருந்த, மழை பொய்த்து விளைச்சல் குறைந்திருந்த நேரம் அது.