சவுண்ட் கார்டே சோதனைக் கருவி

வணக்கம் நேயர்களே. வீட்டு ஆம்ப்ளிஃபையர் பாட்டு ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டே இருக்கிறதா? கோளாறைக் கண்டுபிடிக்க, மின் சிக்னலைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் வேண்டும் என்பார்கள். அதன் விலை பல ஆயிரம் ரூபாய். உங்கள் கணினியில் இருக்கும் சவுண்ட் கார்டே இந்த வேலைக்குப் போதும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

உள்ளே வரும் மின்னழுத்தத்தை விநாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்ணாக மாற்றுவதுதான் சவுண்ட் கார்டின் வேலை. அந்த வேகத்தில் பாதிக்கும் குறைவான அதிர்வெண்களைத்தான் அது சரியாகப் பிடிக்கும். ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடியோ ரிப்பேருக்கு அது தாராளம்.

பின்னால் சொல்லப்போகும் பாதுகாப்புடன் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டைச் சவுண்ட் கார்டில் இணைத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்த இரைச்சலைப் பதிவு செய்து, எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் மேடு உயர்ந்து நின்றால், பெரும்பாலும் எர்த் இணைப்பிலோ ஷீல்டு வயரிலோ கோளாறு. 100 ஹெர்ட்ஸில் உயர்ந்தால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்; ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரைத் தாண்டியதும் அந்த 50 என்பது 100 ஆகிவிடுகிறது. கெப்பாசிட்டர் வற்றிப்போனால் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே ஸ்பீக்கருக்கு வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு பார்ட்ஸ் மாற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். அதே ஆடாசிட்டியில் 1,000 ஹெர்ட்ஸ் டோன் உருவாக்கி ஆம்ப்ளிஃபையருக்குள் அனுப்பினால், சிக்னல் ஜெனரேட்டரும் கிடைத்துவிடுகிறது.

சரி, பேட்டரி வோல்டேஜை அளக்கலாமா? முடியாது. நுழைவாயிலிலேயே ஒரு கெப்பாசிட்டர் நேர்மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். அதற்கு மல்டிமீட்டர் போதும். இன்னும் ஆழமாகப் போக விரும்பும் மாணவர்களுக்கு, புதுடெல்லியின் இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர் உருவாக்கிய எக்ஸ்பைஸ் என்ற யூஎஸ்பி கருவியைத் தயங்காமல் சொல்வேன். அது நேர்மின்னழுத்தத்தையும் அளக்கும்.

இப்போது பாதுகாப்பு. மைக் ஜாக்கைவிட, கூடுதல் வலுவான சிக்னலை ஏற்கும் லைன்-இன் ஜாக் நல்லது. லேப்டாப்பில் லைன்-இன் இல்லாவிட்டால் தனி யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிக்னல் வரும் வழியில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்; அதைத் தாண்டி, சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்; அதன் குறுக்கே எதிரெதிர்த் திசையில் இரண்டு 1என்4148 டையோடுகள். இவை இருந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். தப்பித் தவறி எகிறினாலும் டையோடுகள் சுமார் 0.7 வோல்ட்டில் பிடித்து நிறுத்திவிடும்.

இத்தனையும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பிரிந்த குறைந்த மின்னழுத்தத்துக்கு மட்டும்தான். 230 வோல்ட் மெயின்ஸிலோ, உள்ளே இருக்கும் உலோகச் சட்டமான சேசிஸிலேயே கரண்ட் பாயும் பழைய டிவி செட்டுகளிலோ இந்த வயரை வைக்கவே கூடாது. கணினி மட்டுமல்ல, உங்கள் உயிரும் போகும். வணக்கம்.